மழைக்கடலின் சரிதம்

புவியின் கடந்தகாலத்தை ஆராயும் துறையை எமது நாட்டிற் புவிச்சரிதவியல் என வழங்குகின்றோம். கல்லை ஆராய்வோர் எழுதுவதும் ஒருவகைச் சரிதமே என்ற கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. ஆயினும் கலைப்பீடத்து மாணவராகிய நாம் அச்சரிதத்தை விஞ்ஞான பீடத்தாருக்கே உரியதென்று பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றோம். சந்திரனின் முகத்திலுள்ள கரிய சமவெளி ஒன்றைப் பற்றிக் கடந்த நூற்று முப்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் விவாதத்தை ஊன்றி நோக்குமிடத்து, வரலாற்று மாணவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இரு வினாக்களே அதன் நடுவில் நிற்பதைக் காணலாம். எது முந்தியது, எது பிந்தியது என்பது ஒன்று. பல சான்றுகள் போலத் தோன்றுபவை உண்மையிற் பலதானா, அன்றி ஒரே சான்றின் பல படிகளா என்பது மற்றையது. முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.

அச்சமவெளியின் பெயர் மழைக்கடல். பூரணை நிலவிலே நம் முன்னோர் முயலொன்றைக் கண்டனர்; முயற்கறை என்ற சொல்லும் அதனாற் பிறந்தது. ஐரோப்பியர் அக்கறைகளைக் கடல்கள் என்றனர். 1651 ஆம் ஆண்டில் இத்தாலிய இயேசுசபைத் துறவியான றிச்சியோலி, தம் சபையைச் சேர்ந்த கிறிமால்டி வரைந்த சந்திரப் படத்துடன் பெருநூலொன்றை வெளியிட்டார். இன்று வழங்கும் பெயர்களிற் பெரும்பாலானவை அந்நூலிலிருந்தே வந்தவை. சந்திரன் புவியின் காலநிலையை ஆளுகிறது என்ற அக்கால நம்பிக்கைக்கு இயைய, மழை, முகில், புயல், அமைதி எனக் கடல்களுக்கு அவர் பெயரிட்டார். புவியே நிலையாக நிற்கிறது எனத் தம் நூலில் வாதிட்ட அவர், அதற்கு மாறான கொள்கையை நிறுவிய கொப்பேணிக்கசின் பெயரைப் புயற்கடலின் ஓரத்திலுள்ள மிக எடுப்பான கிண்ணக்குழி ஒன்றுக்குச் சூட்டினார். எதிராளியைப் புயலில் எறிந்தாரா, ஒளிமிக்க இடத்தில் ஏற்றிவைத்தாரா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். அக்கிண்ணக்குழி பின்னர் எமது கதையிலும் இடம்பெறவுள்ளது.

மழைக்கடல் சந்திரனின் வடமேற்குப் பகுதியில் அமைந்துள்ளது. அதனைத் தாங்கும் பெருங்குழி ஏறத்தாழ 1,150 கிலோமீற்றர் விட்டமுடையது. தென்கிழக்கே அப்பனைன் மலைகளும், கிழக்கே கோக்கேசசும், வடகிழக்கே அல்ப்சும், தெற்கே காப்பேதியனும் வளைந்து சூழ்ந்து நிற்கின்றன. அப்பனைன் மலைகளிற் சில சிகரங்கள் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயர்ந்துள்ளன. இம்மலைகள் புவியின் மலைகளைப் போல மடிந்து எழுந்தவையல்ல. பெருங்குழியின் உடைந்த விளிம்பே அவை. இதனை அறிந்துகொள்ள மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது.

தொலைகாட்டி தோன்றிய பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக, சந்திரனின் குழிகள் யாவும் எரிமலை வாய்களே என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அதனை முறையாக எதிர்த்தவர் குறோவ் கால் கில்பேட். ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் முதுநிலை அறிஞரான இவர், 1892 ஆம் ஆண்டில் வாசிங்ரன் கடற்படை வானாய்வகத்தின் தொலைகாட்டியூடாகப் பல இரவுகள் சந்திரனை அவதானித்தார். திணைக்களத்தின் தலைசிறந்த அறிஞர் ஒருவர் இராமுழுவதும் சந்திரனை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் எனில் அத்திணைக்களத்துக்கு வேறு வேலையில்லைப் போலும் என்று அரசியல்வாதி ஒருவர் எள்ளியதாகச் சொல்லப்படுகிறது. கில்பேட் கண்டது யாதெனில், மழைக்கடலுக்கு வெளியே பல நூறு மைல் தூரம்வரை நிலத்திற் பள்ளங்களும் முகடுகளும் ஆரைகளைப் போல ஒழுங்காக விரிந்துள்ளன என்பதும், அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் யாவும் மழைக்கடலின் உள்ளேயே கூடுகின்றன என்பதுமாகும். அங்கே பாரிய உடலொன்று வந்து மோதி, சிதறிய பொருள் நாற்றிசையும் பாய்ந்து நிலத்தை உழுதுள்ளது என அவர் முடிவுசெய்தார். 1893 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையைச் சந்திரவியலின் தொடக்கம் எனக் கொள்வது மிகையாகாது.

ஆனால் இதே கில்பேட் 1891 ஆம் ஆண்டிலேதான் அரிசோனாப் பாலைநிலத்திலுள்ள மாபெருங் குழியை ஆராய்ந்து, அது விண்கல் மோதியதால் ஆனதன்று, நீராவி வெடித்ததால் ஆனது என்று தீர்மானித்திருந்தார். இரும்பு விண்கல் புதைந்திருப்பின் காந்த ஊசி அசையவேண்டும், அது அசையவில்லை. குழியின் கொள்ளளவிலும் விளிம்பின் பருமன் மிகுந்திருக்கவேண்டும், இரண்டும் சமமாயின. நேர்மையான சோதனைகள்; முடிவோ பிழை. அதிவேகத்தில் மோதும் கல் புதைவதில்லை, வெடித்துச் சிதறி ஆவியாகிறது என்பது அவர் அறியாதது. சந்திரனிலும் இதே அறியாமை அவரை இடர்ப்படுத்தியது. சாய்வாக விழும் கற்கள் நீள்வட்டக் குழிகளையன்றோ ஆக்கவேண்டும், சந்திரனின் குழிகள் யாவும் வட்டமாக இருப்பதெங்ஙனம் என்ற ஐயத்தைத் தீர்க்க, புவியைச் சூழ்ந்து ஒரு காலத்தில் சிறு நிலாக்களின் வளையம் இருந்ததென அவர் கற்பனைசெய்ய நேர்ந்தது. மோதுகை ஒரு வெடிப்பு எனக் கொண்டால் எந்தக் கோணத்தில் விழுந்தாலும் குழி வட்டமாகவே அமையும் என்பதை 1916 இல் எசுத்தோனிய வானியலாளர் ஏர்ண்ஸ்ட் ஓப்பிக்கும், 1924 இல் நியூசிலாந்தின் கிவ்போட்டும் விளக்கினர். அவற்றை அக்காலத்தில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

கில்பேட்டின் கட்டுரையும் அவ்வாறே மறக்கப்பட்டது. 1940 களின் தொடக்கத்திற் சிக்காகோவிலுள்ள அட்லர் கோள்மண்டலத்தில் விரிவுரையாற்றிவந்த றால்வ் போல்ட்வின், அங்கு மாட்டப்பட்டிருந்த சந்திரப் புகைப்படங்களிலே அதே பள்ளங்களைத் தாமாகவே கண்டார். உலகப்போர்க் காலத்தில் வெடிகுண்டுத் தொழினுட்பத்தில் ஈடுபட்ட அவர், குண்டு வெடித்த குழிகளின் விட்டமும் ஆழமும் கொள்ளும் தொடர்பு சந்திரக் குழிகளிலும் அவ்வாறே நீடிப்பதைக் காட்டினார். 1949 ஆம் ஆண்டில் வெளியான அவரது நூல் பலரின் எண்ணத்தை மாற்றிற்று. வானியலைத் தொழிலாக அன்றிக் குடும்ப நிறுவனமொன்றை நடத்திக்கொண்டே அவர் இவ்வாய்வைத் தொடர்ந்தார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இவ்வளவில் மோதுகைக் கொள்கை வென்றது எனச் சில நூல்கள் கதையை முடித்துவிடுகின்றன. இது பொருந்தாது. ஏனெனில் கடினமான வினா இனித்தான் எழுகின்றது. பெருங்குழி மோதுகையால் ஆனது. அதனை நிரப்பிநிற்கும் கரிய சமவெளி எதனால் ஆனது? மோதிய வெப்பத்திலேயே பாறை உருகி அக்கணமே குழியை நிரப்பிற்று என்று கில்பேட்டைப் போலவே நோபல் பரிசு பெற்ற இரசாயன அறிஞர் கரோல்ட் யூரேயும் எண்ணினார். சந்திரன் பிறந்தநாள் முதற் குளிர்ந்தே இருந்த உடல் என்பது யூரேயின் உறுதியான கொள்கை. உள்ளிருந்து எரிமலைக் குழம்பு எழுவதற்கு அக்கொள்கையில் இடமில்லை. குழியும் நிரப்பும் ஒரே நாளின் வேலையென்றால் வரலாறு மிகச் சுருங்கிவிடும். இரண்டும் வெவ்வேறு காலத்தன எனின் சந்திரனுக்குள்ளே நெடுங்காலம் நெருப்பு இருந்திருக்கவேண்டும்.

இவ்வழக்கைத் தீர்க்கும் சான்று எவரும் எளிய தொலைகாட்டியாற் காணத்தக்க ஓரிடத்திலேயே இருந்தது. ஆக்கிமிடீசு என்ற கிண்ணக்குழி மழைக்கடலின் கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 80 கிலோமீற்றர் விட்டத்துடன் உள்ளது. அது பெருங்குழியின் உள்ளே இருப்பதாற் பெருங்குழிக்குப் பிந்தியது. முந்தியிருப்பின் அம்மோதுகையில் அழிந்தொழிந்திருக்கும். ஆனால் அதன் உட்டளமோ கரிய குழம்பினால் நிரம்பிச் சமனாகியுள்ளது. அது வெளியே எறிந்த சிதைபொருளின் ஒரு பகுதியும் சமவெளியின் கீழ் மறைந்துள்ளது. ஆதலின் அது சமவெளிக்கு முந்தியது. முதலிற் பெருங்குழி, பின்னர் ஆக்கிமிடீசு, அதன் பின்னரே சமவெளி. இடையிலே ஆக்கிமிடீசு போன்ற குழிகள் பல தோன்றுவதற்குப் போதிய நீண்ட காலம் கடந்துள்ளது. கட்டடத்தின் அத்திவாரத்துக்கும் மேற்றளத்துக்கும் இடையே புதைந்த நாணயம் தொல்லியலாளருக்கு எத்தகையதோ, புவிச்சரிதவியலாளருக்கு ஆக்கிமிடீசு அத்தகையது.

குழிக்கும் நிரப்புக்கும் இடையே கால இடைவெளி உண்டென்பதைப் போல்ட்வின் உணர்ந்திருந்தார். அவ்வுணர்வை முறையான காலவரன்முறையாக மாற்றியவர்கள் யூஜீன் சூமேக்கரும் றொபேட் ஹக்மனும் ஆவர். 1962 ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் கட்டுரை, மேற்படை கீழ்ப்படைக்குப் பிந்தியது என்ற பழைய விதியொன்றையே துணைக்கொண்டு சந்திரனுக்கு யுகங்களை வகுத்தது. சமவெளியின் மேல் அமர்ந்தும் ஒளிக்கதிர்களை இழந்துவிட்ட எரத்தோஸ்தீனிசு ஒரு யுகத்துக்கும், இன்னும் கதிர்கள் வெளிறித் தோன்றும் கொப்பேணிக்கசு அடுத்த யுகத்துக்கும் பெயராயின. மழைக்கடல் அவற்றுக்கு முந்திய யுகத்தின் பெயராயிற்று. எந்தக் கல்லையும் கையால் தொடாது, ஆண்டுக்கணக்கு எதுவுமின்றி, முறைமையை மட்டும் கொண்டு எழுதப்பட்ட இவ்வரலாறு பின்னர் வந்த கற்களால் அடிப்படையிற் பொய்க்கவில்லை. அரிசோனாக் குழி விண்கல்லின் வேலையே என்று 1960 இல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர்களுள்ளும் இதே சூமேக்கர் ஒருவர்.

இனி மனிதர் அங்கு சென்ற கதை. 1959 ஆம் ஆண்டு செப்ரெம்பரிற் சோவியத் ஒன்றியத்தின் லூனா-2 ஆக்கிமிடீசுக்கு அண்மையில் மோதி உடைந்தது. வேற்றுலகொன்றைத் தொட்ட முதல் மனித ஆக்கம் மழைக்கடலின் ஓரத்திலேயே வீழ்ந்தது. 1970 நவம்பர் 17 ஆந் திகதி லூனா-17 சமவெளியின் மேற்கில் இறங்கி லூனகோட்-1 என்ற எட்டுச் சில்லு ஊர்தியை வெளிவிட்டது. மூன்று மாத ஆயுள் எதிர்பார்க்கப்பட்ட அவ்வூர்தி, புவியிலிருந்தோர் செலுத்த, ஏறத்தாழப் பத்து மாதங்களில் பத்தரைக் கிலோமீற்றர் ஓடிற்று. அதில் இருந்த பிரெஞ்சு லேசர்த் தெறிகருவி பின்னர் எவருக்கும் அகப்படாமற்போயிற்று. 2010 இல் அமெரிக்கச் செய்மதியொன்றின் படங்களில் ஊர்தி இனங்காணப்பட்டு, அவ்வாண்டு ஏப்பிரலில் அனுப்பப்பட்ட லேசர்க்கதிர் நாற்பது ஆண்டுப் பழைய அக்கருவியிற் பட்டுத் திரும்பிவந்தது.

1971 யூலை 30 ஆந் திகதி அப்பலோ-15 அப்பனைன் அடிவாரத்தில் இறங்கியது. டேவிட் ஸ்கொட், ஜேம்ஸ் இர்வின் ஆகிய இருவரும் இறங்க, அல்பிரட் வோடன் மேலே சுற்றிவந்தார். கொடி நாட்டிய காட்சிகளே பொதுமக்கள் மனத்தில் நிலைத்துள்ளன. ஆனால் இப்பயணத்தின் பெருமை வேறிடத்தில் உள்ளது. லீ சில்வர் என்ற பேராசிரியர் இவ்வீரர்களைப் பாலைநிலங்களுக்கு அழைத்துச்சென்று பாறைகளைப் படிக்கப் பயிற்றியிருந்தார். எகிப்தியரான பாறூக் எல்-பாஸ் வோடனுக்கு வானிலிருந்து நிலத்தைப் படிக்கக் கற்பித்தார். ஆகவே அங்கு சென்றவர்கள் கற்களைப் பொறுக்கியவர்களாக அன்றித் தெரிந்தெடுத்தவர்களாக இருந்தனர். ஏறத்தாழ 300 மீற்றர் ஆழமுள்ள ஹட்லி என்ற பெரும் பிளவின் ஓரத்தில் நின்று, எதிர்ச்சுவரிற் பாறை படை படையாக அமைந்திருப்பதை அவர்கள் கண்டனர். சமவெளி ஒரே வெள்ளத்தில் நிரம்பியதன்று, குழம்பு மீண்டும் மீண்டும் பாய்ந்து உறைந்தது என்பதற்கு அச்சுவர் கண்கண்ட சாட்சி. அங்கிருந்து கொணர்ந்த கரிய பசாற்றுப் பாறை ஏறத்தாழ 330 கோடி ஆண்டுப் பழைமையுடையது. பெருங்குழியோ அதற்கு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. தொலைகாட்டியில் ஆக்கிமிடீசு சொன்ன இடைவெளி ஆண்டுக்கணக்கில் உறுதிப்பட்டது. குளிர்ந்த சந்திரன் என்ற கோட்பாடு அதன்பின் நிலைக்கவில்லை. கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகங்கள் உள்ளே மெல்ல மெல்லச் சேர்த்த வெப்பமே பிற்காலத்திற் பாறையை உருக்கி, மெலிந்த ஓட்டினூடாக மேலெழச் செய்தது என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது. 1973 இல் ஜெரால்ட் சேபர் புகைப்படங்களைக் கொண்டு மழைக்கடலின் இளைய பாய்ச்சல்களை வரைந்தபோது, அவற்றுள் ஒன்று 1,200 கிலோமீற்றர் தூரம் ஓடியிருப்பது தெரியவந்தது. 2013 டிசெம்பர் 14 ஆந் திகதி வடபகுதியில் இறங்கிய சீனக்கலம் சாங்-3 விடுத்த ஊர்தி, நிலத்துள் ஊடுருவும் றேடாரினால் இன்னும் பல படைகளைக் கண்டது. அவ்வூர்திக்குச் சீனர் இட்ட பெயர் மணிமுயல் என்ற பொருளது. கடலென்றவர்கள் இறங்கிய சமவெளியிலே முயலென்றவர்களும் இறங்கினர்.

பெருங்குழி எப்பொழுது தோன்றிற்று என்ற வினாவே எஞ்சுகின்றது. இங்கேதான் சான்றாய்வின் இரண்டாம் வினா எழுகின்றது.

அப்பலோப் பயணங்கள் ஆறு இடங்களிலிருந்து கற்களைக் கொணர்ந்தன. மோதுகையால் உருகி உறைந்த கற்களை அளந்தபோது, இறங்கிய இடம் எதுவாயினும் பெரும்பாலானவை 390 கோடி ஆண்டுகளை ஒட்டியே விடை தந்தன. 1970 களின் முற்பகுதியிற் கலிபோணியாவைச் சேர்ந்த தெரா, பப்பனஸ்தாசியு, வாசர்பேக் ஆகியோர் யுரேனிய, ஈயச் சமதானிகளை ஆராய்ந்து, அக்காலத்திற் சந்திரன்மீது விண்கற்கள் திடீரெனப் பெருமழையாகப் பொழிந்தன என்ற கருத்தை முன்வைத்தனர். இறுதிப் பேரழிவு என்பது அதற்கு இடப்பட்ட பெயர். அது உண்மையெனின் பக்கத்திலிருந்த புவியும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது. புவியில் அக்காலத்துப் பாறைகள் மிக அரியன. ஆகவே எமது கோளில் உயிர் தோன்றிய சூழலை அறிவதற்குச் சந்திரனின் சாட்சியமே துணை. ஒரு கருங்கறையின் வயது இவ்வளவு முக்கியம் பெறுவது இதனாலேயே.

எதிர்ப்பு உடனேயே எழுந்தது. 1975 இல் வில்லியம் ஹாற்மன், பழைய கற்கள் இல்லாமை பழைய மோதுகைகள் இல்லாமைக்குச் சான்றாகாது என்றார். இடைவிடாத மோதுகைகள் முந்திய கற்களைத் தூளாக்கியிருப்பின், எஞ்சிய கற்கள் யாவும் கடைசிக் காலத்தையே காட்டும். அழிந்த ஏடுகளின் காலத்தில் எழுத்தே இருக்கவில்லை என்று கொள்வது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை இது. ஆயினும் இதனிலும் கூர்மையான ஐயம் 1998 இல் லாரி ஹஸ்கின் எழுப்பியது. அப்பலோக் கலங்கள் இறங்கிய இடங்கள் யாவும் சந்திரனின் முன்முகத்தில், நடுக்கோட்டை அண்டி அமைந்தவை. மழைக்கடலை ஆக்கிய மோதுகை அந்நிலப்பரப்பு முழுவதிலும் தன் சிதைபொருளைக் கொட்டியிருக்கவேண்டும். அங்கு கிடைத்த உருகுபாறைகளிலே தோரியம், பொற்றாசியம், பொசுபரசு, அருமண் மூலகங்கள் மிகுந்திருந்தன. அதே காலத்திற் சந்திரனைச் சுற்றிய லூனர் புரொஸ்பெக்டர் என்ற செய்மதி, தோரியம் மழைக்கடலையும் புயற்கடலையும் சூழ்ந்த பகுதியிலேயே செறிந்திருப்பதைப் படமாக்கிற்று. அப்படியாயின், வெவ்வேறு பெருங்குழிகளின் சாட்சிகள் எனக் கருதப்பட்ட கற்களிற் பல, மழைக்கடல் என்ற ஒரே நிகழ்ச்சியின் துணுக்குகளாக இருத்தல் கூடும்.

ஒரே மூலச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதிய பத்து ஏடுகள் ஒரு பாடத்துக்குப் பத்துச் சான்றுகள் ஆகா என்பதைச் சுவடி பதிப்போர் நன்கறிவர். ஹஸ்கின் கேட்டதும் அதுவே. அவருக்குப் பின்வந்த ஆய்வுகளும் இவ்வையத்தை வலுப்படுத்தின. அப்பலோ-16 இறங்கிய மேட்டுநிலத்தின் சில கற்களும், அப்பலோ-17 கண்ட குன்றுகளும் மழைக்கடலின் சிதைபொருளாக இருக்கலாம் என்ற கருத்து 2010 ஐ அண்டிய ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. எனது எண்ணத்தில், பேரழிவுக் கொள்கை முற்றாக வீழ்ந்துவிட்டதெனக் கூறுவது அவசரமாகும். ஆனால் அது முன்னர் நின்ற அத்திவாரத்தில் இனி நிற்கமுடியாது. தனித்தனிச் சாட்சிகள் எனக் காட்டப்படும்வரை அக்கற்களை எண்ணிக்கையிற் சேர்த்தல் தகாது.

மழைக்கடலின் வயதுகூட இன்னும் ஒன்றாகவில்லை. நெடுங்காலம் 385 கோடி ஆண்டுகள் எனக் கொள்ளப்பட்டது. அண்மைக்கால ஆய்வாளர் பலர், மோதுகையுருகிய பாறையிலுள்ள சேர்க்கன், பொசுபேற்றுக் கனியங்களை அளந்து, 392 கோடி என்கின்றனர். இடைப்பட்ட ஏழு கோடி ஆண்டுகள் சிறு தொகையன்று; சந்திரனின் ஏனைய நிகழ்ச்சிகளுக்குக் காலம் குறிக்கும் அளவுகோலில் மழைக்கடலே ஒரு முதன்மையான முளை. முளை அசைந்தால் அதற்கு முன்னும் பின்னும் கட்டிய கணக்குகளும் அசையும்.

மழைக்கடலின் குரல் எட்டாத தூரத்திலிருந்து சாட்சி தேடுவதே இதற்கு வழி. 2024 யூனிற் சீனாவின் சாங்-6 சந்திரனின் மறுபுறத்திலுள்ள தென்முனை எயிற்கன் பெருங்குழியிலிருந்து 1,935.3 கிராம் மண்ணும் கல்லும் கொணர்ந்தது. அவற்றை ஆராய்ந்தோர் 2025 இல் அப்பெருங்குழிக்கு 425 கோடி ஆண்டுகள் என்ற வயதை அறிவித்தனர். இதனால் மாபெரும் மோதுகைகள் 390 கோடி ஆண்டுகளை ஒட்டியே ஒருங்கு நிகழ்ந்தன என்ற கருத்து மேலும் தளர்கின்றது. மழைக்கடலைப் பொறுத்தவரை, மோதுகை நாளிற் பெருங்குழியின் அடியில் உருகி உறைந்த பாறைத்தளம், பின்வந்த குழம்புகளின் கீழே புதைந்து கிடக்கின்றது. அத்தளத்தைத் துளைத்தெடுத்த கல் எதுவும் இதுவரை புவிக்கு வந்ததில்லை.